ஸ்ரீராம் தியாகராஜனை வள்ளல் ஆக்காதீர்கள்

அந்தச் செய்தி நம் வாட்ஸ்அப் குழுக்களில் அவ்வப்போது புதிதாகப் பிறந்து வரும். ஸ்ரீராம் குழுமத்தைத் தொடங்கிய ஆர். தியாகராஜன் 6,210 கோடி ரூபாயை ஊழியர்களுக்கு வாரிக் கொடுத்துவிட்டார், அவரிடம் செல்போன்கூட இல்லை, கலியுகக் கர்ணன். கீழே கும்பிடும் கைகள் வரிசையாக நிற்கும்.

ரெட்டியார்சத்திரத்தில் உட்கார்ந்து இதைப் படித்தால் எரிச்சல்தான் வருகிறது. திண்டுக்கல்–பழனி சாலையில் இருக்கும் ஊர் இது. ஒட்டன்சத்திரம் சந்தைக்கும் அங்கிருந்து கேரளாவுக்கும் காய்கறி ஏற்றிப் போகும் வண்டிகள் ஓடும் பாதை. தவணையில் எடுத்த எந்த லாரியின் ஆர்.சி. புத்தகத்தைப் புரட்டினாலும் ஏதாவது ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியின் பெயர் இருக்கும். பழைய லாரிக்குக் கடன் கிடைப்பதன் அருமையும் தவணை கட்டும் சிரமமும் தெரிந்தவர்கள், அந்த மனிதர் செய்ததைக் கும்பிட்டுவிட்டுக் கடந்துபோகக் கூடாது. என்ன செய்தார் என்று பார்க்க வேண்டும்.

முதலில் அந்த 6,210 கோடி. 2023 ஆகஸ்டில் ப்ளூம்பெர்க் வெளியிட்ட பேட்டியில் 75 கோடி டாலர் என்று இருந்ததுதான் ரூபாயாக மாறி ஊர் சுற்றுகிறது. அவர் கொடுத்தது ரொக்கம் அல்ல, தன் நிறுவனங்களில் இருந்த பங்குகள். அவை போய்ச் சேர்ந்தது 2006இல் அமைத்த ஸ்ரீராம் ஓனர்ஷிப் டிரஸ்ட் என்ற அறக்கட்டளைக்கு. அதன் பயனாளிகள் அந்தப் பேட்டி வந்தபோது 44 பேர், எல்லாரும் குழுமத்தின் நிர்வாகிகள். குழுமம் முழுவதிலும் அப்போது ஒரு லட்சத்துக்கு மேல் ஊழியர்கள் இருந்தார்கள். வெயிலில் பைக்கில் போய்த் தவணை வசூலிக்கும் பையன் அந்த 44 பேரில் இல்லை. ஆகவே ஊழியர்கள் எல்லாருக்கும் பிரித்துக் கொடுத்தார் என்பது தவறு. தொடங்கியவர் தன் பங்கை வீட்டுக்கு வைத்துக்கொள்ளாமல், நடத்துகிறவர்கள் கையில் விட்டார் என்பதே சரி. அப்பாவுக்குப் பின் மகன், மகனுக்குப் பின் பேரன் என்று போகும் நம் தொழில் குடும்பங்களுக்கு நடுவே இது எவ்வளவு அபூர்வம் என்று சொல்ல வேண்டியதில்லை. தானம் என்ற பெயர் வைத்ததும் அந்த அபூர்வம் மறைந்துவிடுகிறது.

அடுத்து, கையில் ஒன்றுமில்லாமல் வந்தவர் என்ற கதை. அவர் 1937இல் வசதியான விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். சென்னையில் கணிதம் படித்து, கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்திலும் படித்தார். தொடக்கத்தில் லாரி வாங்கக் கடன் கேட்டு வந்தவர்களுக்குக் கொடுத்தது குடும்பத்திலிருந்து வந்த பணம். சொந்த முயற்சியில் உயர்ந்தவர் என்பதில் சந்தேகமில்லை, ஆனால் பசியோடு ரயிலேறி வந்த சினிமாக் கதை இதில் இல்லை. படிப்பையும் பின்புலத்தையும் மறைத்துவிட்டு, உழைத்தால் எவரும் தியாகராஜன் ஆகலாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்வது ஏமாற்று.

இன்னொரு பேச்சு: இன்சூரன்ஸில் இருந்தவர், அதை உதறிவிட்டுச் சீட்டுக் கம்பெனிக்குப் போனார் என்பது. தேதிகளைப் பார்த்தால் விஷயம் புரியும். 1961இல் நியூ இந்தியா அஷ்யூரன்ஸில் சேர்ந்தார். அப்போது அது தனியார் நிறுவனம். ஆயுள் காப்பீடு 1956இலேயே அரசுடைமை ஆகியிருந்தது. பொதுக் காப்பீடும் 1973 ஜனவரி 1 முதல் அரசிடம் போனது. நூற்றுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் நான்காகச் சுருங்கின, நியூ இந்தியா அவற்றில் ஒன்று. ஆக, 1974 ஏப்ரலில் நண்பர்களோடு அவர் ஸ்ரீராம் சிட்ஸைத் தொடங்கியபோது, இந்த நாட்டில் தனியார் யாரும் இன்சூரன்ஸ் கம்பெனி தொடங்கச் சட்டத்தில் வழியில்லை. 1999இல் சட்டம் மாறிக் கதவு திறந்தது. தென்னாப்பிரிக்காவின் சன்லாம் நிறுவனத்தோடு சேர்ந்து 2005 வாக்கில் ஸ்ரீராம் லைஃப், 2008இல் ஸ்ரீராம் ஜெனரல் இன்சூரன்ஸ் வந்தன. ஐதராபாத்திலும் ஜெய்ப்பூரிலும் தலைமையிடம் என்பதால் இவை நம் ஊர்க்காரர் தொடங்கியவை என்பதே பலருக்குத் தெரியாது. உதறியவர் இப்படித் திரும்பி வருவாரா?

எல்லாவற்றையும் விட ஆழமாகப் பதிந்துபோன தவறு ஒன்று உண்டு. ஏழை லாரிக்காரர்கள் மேல் இரக்கப்பட்டுக் கடன் கொடுத்தார் என்பது.

பழைய லாரிக்கு அந்தக் காலத்தில் வங்கி கடன் தராது. டிரைவராக இருந்து ஓனர் ஆக நினைக்கிறவரிடம் சம்பளச் சீட்டு ஏது, வருமான வரிக் கணக்கு ஏது? வெளியில் வாங்கினால் வட்டி 80 சதவீதம் வரை போனது என்று அவரே சொல்லியிருக்கிறார். இவ்வளவு வட்டி வாங்குகிறார்கள் என்றால் ஆபத்தான தொழிலாகத்தான் இருக்கும் என்று ஊர் முடிவு கட்டியிருந்தது. இன்சூரன்ஸில் இருந்தவர் அப்படி முடிவு கட்ட மாட்டார். ஆயிரம் லாரியில் வருடத்துக்கு எத்தனை விபத்து, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நஷ்டம் என்று எண்ணிப் பார்த்துத்தான் பிரீமியம் போடுவார்கள். பயம் கணக்கில் சேராது. கடனிலும் அதையே செய்தால் போதும். நூறு பேருக்குக் கொடுத்து ஐந்து பேர் கட்டவே இல்லை என்று வைத்துக்கொள்வோம், அந்த நஷ்டத்தை மற்ற 95 பேரிடமிருந்து ஈடுகட்ட 80 சதவீத வட்டி எதற்கு? வண்டி ஓடினால்தான் அவருக்குச் சோறு. அதனால் வண்டியை ஓட்டுவார், வாடகை வரும், தவணையும் வரும். இந்தக் கணக்கின் மேல்தான் 1979இல் ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் ஃபைனான்ஸ் எழுந்தது. 2022 இறுதியில் அதுவும் சகோதர நிறுவனமான ஸ்ரீராம் சிட்டி யூனியனும் இணைந்து ஸ்ரீராம் ஃபைனான்ஸ் ஆயின.

இரக்கம் என்று சொன்னால் லாரிக்காரரைக் கையேந்துகிறவர் ஆக்கிவிடுகிறோம். தியாகராஜன் கண்டுகொண்டது, அவர் கடனைத் திருப்பிக் கட்டக்கூடியவர் என்பதை. இந்த இரண்டுக்கும் நடுவே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். தான் கொஞ்சம் இடதுசாரிச் சாய்வு உள்ளவன் என்று சொல்லிக்கொள்ளும் அவர், இதைத் தொழிலாகவே செய்தார், லாபத்தோடு செய்தார்.

எதிர்ப்பக்கம் இருந்து, என்ன இருந்தாலும் வட்டிக்கு விட்டவர்தானே என்பாரும் உண்டு. அதில் பாதி நியாயம் இருக்கிறது. பழைய வண்டிக் கடனுக்கு வட்டி இன்றும் வங்கியை விட அதிகம். தவணை நின்றால் வண்டியைப் பிடிக்கும் தொழில்தான் இது, அதில் நடக்கும் முரட்டுத்தனத்துக்கு யாரும் வக்காலத்து வாங்க வேண்டாம். ஆனால் கந்துவட்டியையும் இதையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ரசீது உண்டு, ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாடு உண்டு, கட்டி முடித்தால் ஆர்.சி.யிலிருந்து ஃபைனான்ஸ் கம்பெனியின் பெயர் நீங்கும்.

செல்போன் இல்லாததும் விலை குறைந்த சின்னக் காரும் அவர் சொந்த விருப்பம், விட்டுவிடுவோம். எளிமையாக வாழ்ந்துகொண்டே ஊரை ஏய்த்த ஃபைனான்ஸ்காரர்கள் எத்தனை பேர் என்று தமிழ்நாட்டில் சீட்டு போட்ட எந்தக் குடும்பத்தையும் கேட்டால் சொல்வார்கள்.

மத்திய அரசு அவருக்கு 2013இல் பத்ம பூஷண் கொடுத்தது. சமூக சேவைப் பிரிவில் அல்ல, வணிகம்–தொழில் பிரிவில். அந்த ஒரு விஷயத்தில் அரசாங்கம் நம் வாட்ஸ்அப் குழுக்களை விடச் சரியாகவே நடந்துகொண்டது.