ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள்

கரும்புப் பருவத்தில் மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குப் போகும் டிராக்டர் தடத்தில் ஓடி ஓடி, மணலூர்பேட்டைப் பக்கத்துக் காரின் முன்பக்கம் ‘கடக் கடக்’ என்கிறதா? தேய்ந்த லிங்க் ராடு, லோயர் ஆர்மை வீட்டு வாசலிலேயே மாற்றலாம் என்பது என் கட்சி. ஆனால் ஜாக்கியில் தூக்கிய பிறகு ஸ்டாண்ட் போடாமல் வண்டிக்கு அடியில் நுழையாதீர்கள்; செங்கல் அடுக்கு ஸ்டாண்ட் ஆகாது. லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் போல்ட்டைச் சக்கரம் தரையில் நின்று பாரம் இறங்கிய பிறகே முழுசாக முறுக்க வேண்டும். தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். (அவசரக்கார மெக்கானிக்குகள் பாரம் இறங்கும்வரை காத்திருப்பதில்லை.) ஷாக் அப்சார்பரைச் சுற்றிய சுருள் ஸ்பிரிங் வேறு சமாசாரம். அழுத்திப் பிடிக்கும் கருவியில்லாமல் மேல் நட்டைக் கழற்றினால் தாடையைப் பெயர்த்துவிடும். அதைப் பட்டறைக்கே விடுங்கள். கடைசியில், திருக்கோவிலூர் போகிற சாக்கில் வீல் அலைன்மென்ட்டும் பார்த்துவிடுங்கள்.