தோசை மாவும் மையவாடியும்

கொழும்பு மாளிகாவத்தைத் தொடர்மாடி வீடுகளில் இரவு பத்து மணிக்கு மேல் அடுப்படியில் மூடி வைத்த சட்டி ஒன்று இருக்கும். தோசை மாவாக இருக்கலாம், அப்ப மாவாக இருக்கலாம். சுபஹுக்கு எழும்பிப் பார்த்தால் மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கி நிற்கும். உம்மாமார் இரண்டையும் "புளிச்சிருக்கு" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். உள்ளே நடப்பது வேறு வேறு வேலை. தோசை மாவில் உளுந்தோடு வந்து சேர்ந்த லியூக்கொனொஸ்டொக் போன்ற பற்றீரியாக்கள் அமிலத்தையும் வாயுவையும் சேர்த்தே தருகின்றன. புளிப்பும் உப்பலும் அவற்றால் வருபவை. அப்ப மாவில் மதுவத்துக்குத்தான் பெரிய பங்கு. அது சீனியைத் தின்று காபனீரொட்சைட்டை விடுகிறது, அப்பத்தின் நடுவில் கண் கண்ணாகத் துளை விழுகிறது. கள்ளு ஊற்றி மா கரைப்பவர்கள் ஊற்றுவதும் அதிலுள்ள மதுவத்துக்காகவே. நம் வீடுகளில் அந்த வேலையைக் கடையில் வாங்கும் ஈஸ்ட் செய்கிறது.

சட்டிக்குள் இருக்கும் இந்த உயிர்கள் தாமாக உண்கின்றன, தாமாகப் பெருகுகின்றன. மாவும் ஈரமும் சூடும் போதும். வைரசு அப்படியல்ல. அதே சட்டியில் கொவிட் வைரசை விட்டாலும் விடியும்போது ஒன்று இரண்டாகியிராது. அது பெருக உயிருள்ள கலம் வேண்டும். நுண்ணுயிரியல் படிக்கத் தொடங்கும் மாணவருக்கு முதலில் சொல்லித் தரப்படும் பாடங்களில் இது ஒன்று. இந்த ஒரு பாடம் 2020இல் எங்களுக்கு எவ்வளவு தேவைப்பட்டது என்பதை மாளிகாவத்தை மறந்திருக்காது.

அந்த ஆண்டு மார்ச் இறுதியில், கொவிட்டால் இறந்தவர்களைத் தகனம் மட்டுமே செய்யலாம் என்று வழிகாட்டல் மாற்றப்பட்டது. ஏப்ரல் 11 வர்த்தமானி அதைச் சட்டமாக்கியது. புதைத்தால் நிலத்தடி நீரில் வைரசு கலந்துவிடும் என்பது சொல்லப்பட்ட காரணம். உலக சுகாதார நிறுவனம் அடக்கம் செய்வதையும் அனுமதித்திருந்தது. கைக்கெட்டும் தூரத்தில் மையவாடி இருந்தும் முஸ்லிம்களான எங்கள் ஜனாஸாக்கள் தீக்குப் போயின. டிசம்பரில், பிறந்து 20 நாளே ஆன ஒரு குழந்தையும் போனது. பொரளைக் கனத்தை மயான வேலியில் சனம் எதிர்ப்பாக வெள்ளைத் துணி கட்டியது அதற்குப் பிறகுதான். 2021 பெப்ரவரி 25இல் அடக்கத்துக்கு அனுமதி வந்தது. ஆனால் கொழும்பு ஜனாஸாக்களும் தீவின் மறுகரையில் இருக்கும் ஓட்டமாவடிக்குத்தான் போகவேண்டியிருந்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. அப்போது எடுத்துக்காட்டப்பட்ட நீராய்வுகளில், முறையாக அடக்கம் செய்த புதைகுழிகள் நீருக்கு வைரசைக் கொண்டுவரும் முக்கிய வழியாகத் தெரியவில்லை.

உண்மையைச் சொன்னவர்கள் இல்லாமலில்லை. 2003இல் சார்ஸ் வைரசைக் கண்டறிந்த குழுவை ஹொங்கொங்கில் வழிநடத்திய மலிக் பீரிஸ் பேராதனையில் படித்தவர். எண்பதுகளில் அங்கேயே வைரசு ஆய்வுகூடம் நடத்தியவர். வைரசு உயிருள்ள கலத்தில்தான் பெருகும், முறையாக அடக்கம் செய்தால் நீர் மாசடைய வாய்ப்பு மிகக் குறைவு என்று அவர் சொன்னார். இலங்கை மருத்துவச் சங்கமும் 2021 ஜனவரியில் அடக்கத்தை அனுமதிக்கலாம் என்றது. நாங்களோ மார்க்கத்தையும் உரிமையையும் முன்வைத்து வாதாடினோம். அது சரியான வாதம், இன்னும் உரத்தே வாதாடியிருக்கலாம். ஆனால் எங்கள்மேல் வைக்கப்பட்ட குற்றச்சாட்டு நுண்ணுயிரியல் சார்ந்தது. கலத்துக்கு வெளியே அந்த வைரசு எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும், மண் அதைப் பிடித்து வைக்குமா, ஒரு கிணற்று நீரையாவது எடுத்துச் சோதித்தீர்களா என்று தமிழிலும் சிங்களத்திலும் அப்போதே எழுந்து கேட்கக்கூடியவர்கள் எங்கள் தெருக்களில் மிகக் குறைவு. பத்துப் பேர் கேட்டிருந்தால் வர்த்தமானி மாறியிருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். அந்த முடிவு ஆய்வுகூடத்தில் எடுக்கப்பட்டதல்ல. ஆனால் பள்ளிவாசல் முற்றத்தில் நின்ற சனத்துக்கு, தங்கள் ஜனாஸாக்களால் யாருக்கும் தீங்கில்லை என்று விளங்கப்படுத்த ஆள் இருந்திருக்கும். அந்தப் பாரமாவது குறைந்திருக்கும்.

இந்தத் துறை எங்களுக்குத் தூரத்துத் துறையுமல்ல. பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் நூற்றிருபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்கு முன் டி சொய்சா குடும்பத்தின் கொடையில் பற்றீரியவியல் நிறுவனமாகத் தொடங்கியது. அல்டோ கஸ்டெல்லானி என்ற இத்தாலியர் 1905இல் யோஸ் நோயின் கிருமியைக் கண்டுபிடித்தது கொழும்பில்தான். மாளிகாவத்தையிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய இடத்தில் இந்த வரலாறு இருக்கிறது. ஆனாலும் உயர்தரத்தில் உயிரியல் எடுக்கும் எங்கள் பிள்ளைகளின் கண்ணில் மருத்துவபீடம் மட்டுமே படுகிறது. இசட் புள்ளி கொஞ்சம் தவறினால் வீடே இழவு வீடாகிறது. எத்தனையோ கெட்டிக்காரப் பெண்பிள்ளைகளின் படிப்பு அந்தப் பெறுபேற்றுத் தாளோடு நின்றுபோவதைப் பார்த்துவிட்டேன். அதை என்னால் பொறுக்க முடியவில்லை.

வேறு வழிகள் உண்டு. களனிப் பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியலுக்கென்றே தனித் துறை இருக்கிறது. பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானப் பட்டம் படிக்கலாம். இரண்டும் ஒன்றல்ல என்பதைப் பெற்றோர் முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் எம்.எல்.ரி. எனும் ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளராக வேலை செய்ய மருத்துவச் சபையின் பதிவு வேண்டும். பொது விஞ்ஞானப் பட்டம் மட்டும் அதற்குப் போதாது. நுண்ணுயிரியல் பட்டதாரியின் இடம் பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்கு வெளியே: நீர்வழங்கல் சபை, பால் தொழிற்சாலை, மருந்துக் கம்பனி, மீன் ஏற்றுமதி. இந்த வேலை எவ்வளவு கனமானது என்பதை இந்த நாடு பட்டுத்தான் அறிந்தது. 1950களின் இறுதியில் இங்கிலாந்துக்கு அனுப்பிய இலங்கை உலர் தேங்காய்த் துருவலில் சல்மொனெல்லா கண்டுபிடிக்கப்பட்டது. அதற்குப் பிறகு கிருமிச் சோதனை இல்லாமல் அந்தத் தொழிலே இல்லை என்றாயிற்று.

மாளிகாவத்தையிலேயே ஒரு சாட்சி நிற்கிறது, சிறுநீரக நோய்க்கான தேசிய நிறுவனம். அங்கே இரத்தம் சுத்திகரிக்க வருபவர் ஒருவர் இயந்திரத்தோடு நான்கு மணி நேரம் இருக்கிறார். நிமிடத்துக்கு 500 மில்லிலீற்றர் கணக்கில் ஏறக்குறைய 120 லீற்றர் திரவம், மெல்லிய சவ்வு ஒன்றுக்கு அப்பால் அவருடைய இரத்தத்தை உரசிக்கொண்டு ஓடுகிறது. நாங்கள் குடிக்கும் குழாய் நீர் அதற்கு ஆகாது. கொதிக்க வைத்தாலும் ஆகாது. பற்றீரியா செத்த பிறகும் அதன் சுவரிலிருந்து கழன்ற நச்சு நீரில் தங்கும். அது இரத்தத்துக்குள் போனால் நடுக்கமும் காய்ச்சலும் வரும், இரத்த அழுத்தம் விழும். சர்வதேச நியமத்தின்படி அந்த நீரில் ஒரு மில்லிலீற்றருக்கு 100க்கும் குறைவான பற்றீரியாக் குடித்தொகைகளே இருக்கலாம். நச்சின் அளவு 0.25 அலகுக்குள் இருக்க வேண்டும். இப்படியான ஒவ்வொரு நிலையத்திலும் யாரோ ஒருவர் கிருமி நீக்கிய போத்தலில் அந்த நீரைப் பிடிக்கிறார். யாரோ ஒருவர் தட்டில் ஊற்றி, நாட்கணக்கில் காத்திருந்து, முளைத்த புள்ளிகளை ஒவ்வொன்றாக எண்ணுகிறார். எண்ணிக்கை கூடினால் குழாய்களைக் கழுவும்வரை இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிக் கையெழுத்து வைக்கிறார். அடுத்த உயர்தரப் பெறுபேறு வரும் நாளில், அந்தக் கையெழுத்துக்குரிய வேலையைப் பற்றியும் நம் வீடுகளில் யாராவது பேச வேண்டும்.