மரணத்தருகே நிற்கும் இளந்தாதியர்

சிங்கப்பெருமாள் கோவிலில் ரயிலேறித் தெற்கே சென்றால் சிறிது நேரத்தில் செங்கற்பட்டு வந்துவிடும். அங்குள்ள அரசாங்க ஆஸ்பத்திரியில், 2021 மே 4ஆம் தேதி இரவு, பிராணவாயு உதவியில் இருந்த நோயாளர் பத்துப் பேருக்கு மேல் சில மணி நேரத்திற்குள் மாண்டனர். காரணத்தைப் பற்றி எழுந்த வாதங்களை நாடே கேட்டது. அன்று கட்டில்களுக்கிடையே ஓடிய தாதியரை நம்மில் எத்தனை பேர் நினைத்தோம்?

பிரேதத்தைத் துடைத்துக் குழாய்களை அகற்றும் முறை தாதியருக்குக் கற்பிக்கப்படுகிறது. அதன்பின் தன் கை நடுங்கினால் என் செய்வதென்பது போதிய அளவு கற்பிக்கப்படுவதாக நாம் கருதவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் புதிதாய் வந்த பெண், காலையில் தான் முகம் துடைத்துவிட்டவர் மாலையில் இறக்கக் காண்கிறாள். விரிப்பு மாறுகிறது; அடுத்த நோயாளி வந்துவிடுகிறார். அழுதால் அனுபவமற்றவள் என்பர். அழாவிடிலோ கல்நெஞ்சக்காரி என்பர்.

அமெரிக்காவில் வர்ஜீனியப் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் ஜோனதன் பார்ட்டெல்ஸ் என்னும் செவிலியர் ஒரு வழக்கத்தைத் தொடங்கினார். உயிர் பிரிந்ததும் வைத்தியரும் தாதியரும் கட்டிலருகே சிறிது நேரம் மௌனமாய் நிற்பர். செலவோ ஒரு காசுமில்லை. நம் ஆஸ்பத்திரிகளில் ஒவ்வொரு கட்டிலுக்கும் ஆள் காத்திருப்பதை நாம் அறியாதவரல்லோம். ஆயினும் அந்த அரை நிமிஷத்தையும், முதல் மரணத்தைக் கண்டவளை அன்றிரவு விடுதிக்குத் தனியே அனுப்பாத மூத்த தாதி ஒருத்தியையும் ஏற்பாடு செய்தல் வேண்டுமென்பதே நம் கோரிக்கை.