பெட்ரோல் வரியில் பஸ் விட்டால் என்ன?

காளவாசலில் சாயங்காலம் பஸ்சுக்கு நிற்பவர்கள் படும் பாடு சொல்லி மாளாது.

மெட்ரோ ரெயில் வரும் என்றார்கள். திருமங்கலம் முதல் ஒத்தக்கடை வரை 32 கிலோ மீட்டர். செலவு 11 ஆயிரம் கோடிக்கு மேல். (காளவாசல் பக்கம் அது எட்டிக்கூடப் பார்க்காது என்பது வேறு விஷயம்!) 2025 நவம்பரில் மத்திய அரசு திட்டத்தைத் திருப்பி அனுப்பி விட்டது. 20 லட்சம் ஜனத்தொகை இல்லையாம். பார்த்ததோ 2011 கணக்கு!

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் ஜனங்கள் 2008-ல் ஓட்டுப் போட்டு, விற்பனை வரியை அரை சதவீதம் கூட்டிக் கொண்டார்கள். அதாவது 100 ரூபாய் சாமானுக்கு 50 காசு. அதில் பெரும் பகுதி ரெயிலுக்கும் பஸ்சுக்கும்தான்.

இங்கே அது நடக்காது. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு, மாநிலம் தன் இஷ்டத்துக்கு விற்பனை வரி போட முக்கியமாக மிஞ்சியது பெட்ரோல், டீசல், மது.

புது வரி வேண்டாம்; கடைக்காரர்கள் அடிக்க வந்து விடுவார்கள்! மதுரை பங்க்குகளில் விற்கும் பெட்ரோலுக்கு இப்போது வரும் வரியிலேயே லிட்டருக்கு ஒரு ரூபாயை மதுரை டவுன் பஸ்களுக்கென்று ஒதுக்கலாமே? தனிக் கணக்காக இருக்க வேண்டும். கஜானாவில் கலந்து விட்டால் அந்த ரூபாய் எங்கே போச்சு என்று யாருக்குத் தெரியும்?

ஸ்கூட்டர்காரர் காசில் பஸ்சா என்று சிலர் கேட்பார்கள். பஸ் ஒழுங்காக வந்தால் பைபாஸ் ரோட்டில் நெரிசல் குறையும். அவரும் சீக்கிரம் வீடு போய்ச் சேரலாம்.