தேர்வுக் குழு வாய் திறக்கட்டும்!

2025 நவம்பரில் குவஹாத்தியில் நடந்த டெஸ்டில் இந்திய அணி தென்னாப்பிரிக்காவிடம் 408 ரன் வித்தியாசத்தில் தோற்றது. ரன் கணக்கில் அதுவரை இந்தியா கண்ட தோல்விகளிலேயே மிகப் பெரியது இது. அதற்குச் சில நாட்கள் முன்புதான் கொல்கத்தாவில் 124 ரன் எடுத்தால் வெற்றி என்ற நிலையில் 93 ரன்னில் சுருண்டிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, 2024-ல், நியூசிலாந்து அணி நம் மண்ணுக்கு வந்து மூன்று டெஸ்டுகளையும் வென்று சென்றது.

தோல்வி வந்ததும் விவாதம் தொடங்கிவிட்டது. தேநீர்க் கடையில், கல்லூரி வாசலில், இரவு கடையடைத்து ஷட்டரை இறக்கும் நேரத்தில், எங்கு பார்த்தாலும் இரண்டே கேள்விகள்தான். அவரை ஏன் எடுக்கவில்லை? இவரை ஏன் எடுத்தார்கள்?

கேள்வி கேட்பது குற்றமல்ல. பதினொரு பேர் தேசத்தின் பெயரால் ஆடுகிறார்கள் என்றால், அந்தப் பதினொரு பேரை யார் எந்த அளவுகோலில் பொறுக்கினார்கள் என்று கேட்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு. ஆனால் கேள்வியைச் சரியான இடத்தில், சரியான முறையில் கேட்கிறோமா? இதைத்தான் நாம் சிந்திக்க வேண்டும்.

ஷமி விவகாரம்

அம்ரோஹா மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பிறந்து, கொல்கத்தாவுக்குப் போய் வளர்ந்தவர் முஹம்மது ஷமி. 2023 உலகக் கோப்பையில் முதல் நான்கு ஆட்டங்களில் அவரை வெளியே உட்கார வைத்தார்கள். ஹர்திக் பாண்டியா காயமடைந்த பிறகே அவருக்கு இடம் கிடைத்தது. ஆடியது 7 ஆட்டங்கள். எடுத்தது 24 விக்கெட்டுகள். அந்தப் போட்டியில் வேறு எவரும் அத்தனை விக்கெட் எடுக்கவில்லை. நியூசிலாந்துக்கு எதிரான அரையிறுதியில் மட்டும் 57 ரன் கொடுத்து 7 விக்கெட்.

அதன் பிறகு கணுக்காலில் அறுவை சிகிச்சை. ஓராண்டுக்கும் மேலாக இந்திய அணியில் அவரைக் காணவில்லை. 2025-ல் திரும்பி வந்து சாம்பியன்ஸ் கோப்பையில் 9 விக்கெட் எடுத்தார். ஆனால் அதே ஆண்டு இங்கிலாந்து டெஸ்ட் தொடருக்கு அவரை எடுக்கவில்லை. அக்டோபரில் ஆஸ்திரேலியப் பயணத்துக்கும் எடுக்கவில்லை. உடல் தகுதி போதவில்லை என்பது அன்றைய தேர்வுக் குழுத் தலைவர் அஜித் அகர்கர் தரப்பு. நான்கு நாள் ரஞ்சி ஆட்டம் ஆட முடிகிறவனால் ஐம்பது ஓவர் ஆட்டம் ஆட முடியாதா என்பது ஷமியின் கேள்வி. கேட்டதோடு நிற்காமல் வங்காள அணிக்காக ரஞ்சியின் முதல் இரண்டு ஆட்டங்களில் 15 விக்கெட் எடுத்துக் காட்டினார். அப்படியும் நவம்பரில் தென்னாப்பிரிக்கத் தொடருக்கு அழைப்பு வரவில்லை.

யார் சொல்வது சரி? முப்பத்தைந்து வயதில், அறுவை செய்த காலோடு, ஐந்து நாள் ஆட்டத்தின் சுமையை ஒருவர் தாங்குவாரா என்ற ஐயம் நியாயமானதே. மருத்துவர்கள் அப்படிச் சொல்லியிருந்தால் ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் அதை அந்த ஆட்டக்காரரிடம் நேருக்கு நேர் சொல்லி, மக்களுக்கும் ஒரே குரலில் அறிவிப்பதில் என்ன தயக்கம்? வாரியம் ஒரு பக்கம், வீரர் ஒரு பக்கம் என்று பத்திரிகை வழியாகப் பேசிக்கொள்வது நிர்வாகமா?

வணிகம் செய்யும் சகோதரர்களுக்கு இது நன்றாகவே புரியும். கூட்டு வியாபாரத்தில் ஒரு பங்காளி பேரேட்டை மூடி வைத்துக்கொண்டு, "எல்லாம் சரியாக இருக்கிறது, நம்புங்கள்" என்று சொன்னால் என்ன நடக்கும்? அவர் ஒரு காசு எடுக்காதவராகவே இருக்கட்டும். சந்தேகம் வந்துவிடும். கணக்கு மூடியிருக்கும் இடத்தில் வதந்தி கடை திறக்கும்.

பெயரைப் பார்ப்பவர்கள்

அப்படித்தான் நம் இளைஞர்கள் சிலர் மத்தியிலும் ஒரு பேச்சு உலவுகிறது. "பெயர்தான் காரணம்" என்கிறார்கள். இந்தப் பேச்சைப் பற்றி நாம் வெளிப்படையாகவே பேசிவிடுவோம்.

இதற்கு ஆதாரம் இருக்கிறதா? இல்லை. ஷமியை எடுக்காத அதே 2025 இங்கிலாந்துத் தொடரில், ஹைதராபாத் ஆட்டோ ஓட்டுநரின் மகன் முஹம்மது சிராஜ் ஐந்து டெஸ்டிலும் ஆடினார். 185 ஓவர்களுக்கு மேல் வீசி 23 விக்கெட் எடுத்தார். ஓவல் மைதானத்தில் கடைசி நாள் காலை, வெறும் 6 ரன் வித்தியாசத்தில் இந்தியாவுக்கு வெற்றி தேடித் தந்ததும் அவர் கைதான். அவரை எடுத்ததும் அதே தேர்வுக் குழுதான். ஆதாரம் இல்லாமல் ஒருவர் மீது பழி சுமத்துவது யாருக்கும் அழகல்ல, நீதி கேட்டுப் போராடும் நமக்கு அறவே அழகல்ல. நாளை உண்மையிலேயே அநீதி நடந்து நாம் குரல் கொடுக்கும்போது, அந்தக் குரலுக்கு மதிப்பு இருக்க வேண்டாமா?

2021 அக்டோபரில் துபாயில் பாகிஸ்தானிடம் இந்தியா தோற்றபோது, அணி முழுவதும் தோற்றிருக்க, ஷமி ஒருவரை மட்டும் தேர்ந்தெடுத்து வசை பாடினார்கள். அன்றைய கேப்டன் விராட் கோலி பகிரங்கமாக அவருக்குத் துணை நின்றார். அது நினைவுகூரத் தக்கது. அன்று வசை பாடியவர்கள் பந்தைப் பார்க்கவில்லை, பெயரைப் பார்த்தார்கள். இன்று விக்கெட் கணக்கைப் புரட்டாமல் பெயருக்காகவே பரிந்து பேசுகிறவரும் பந்தைப் பார்க்கவில்லை. இரண்டும் ஒரே நோய்தான். நம் வீட்டில் அந்த நோய்க்கு இடம் தரக் கூடாது.

சரக்கு எங்கே விளைகிறது?

ஷமியை எடுத்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்குமா? இதுதான் அடுத்த கேள்வி. ஒருவரை எடுப்பதும் விடுவதும் கடைசி நாள் வேலை. அலமாரியில் சரக்கே இல்லாதபோது கல்லாவில் இருப்பவரோடு சண்டை போட்டு என்ன பயன்? கொள்முதல் எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இந்தியாவுக்கு வேகம் வராது என்பது கட்டுக்கதை. 1932-ல் லார்ட்ஸ் மைதானத்தில் இந்தியா தன் முதல் டெஸ்டை ஆடியபோது, முஹம்மது நிஸார் வேகத்தில் இங்கிலாந்து 19 ரன்னுக்கு 3 விக்கெட் இழந்து தடுமாறியது. அந்த இன்னிங்ஸில் அவர் எடுத்தது 5 விக்கெட். மறுமுனையில் அமர் சிங். இந்தியாவின் டெஸ்ட் வரலாறு தொடங்கியதே வேகப்பந்தில்தான்!

பிறகு என்ன ஆனது? அமர் சிங் 1940-ல் இளம் வயதிலேயே மறைந்தார். தேசப் பிரிவினை வந்தது. நிஸார் எல்லைக்கு அப்பால் போனார். 1947-ல் ஆஸ்திரேலியா செல்லும் இந்திய அணிக்குத் தேர்வாகியிருந்த ஃபஸல் மஹ்மூத் அணியிலிருந்து விலகினார். 1952-ல் அதே ஃபஸல் பாகிஸ்தானுக்காக லக்னோவில் நமக்கு எதிராக 12 விக்கெட் எடுத்தார். அந்த வெற்றிடத்தை நிரப்ப யாரும் முயலவில்லை. 1967-ல் இங்கிலாந்தின் எட்ஜ்பாஸ்டனில் நான்கு சுழற்பந்து வீச்சாளர்களோடு இறங்கிய இந்தியா, புதிய பந்தை விக்கெட் கீப்பர் புதி குந்தரனிடம் கொடுத்து வீசச் சொன்னது. பின்னர் சில டெஸ்டுகளில் கவாஸ்கரே பந்துவீச்சைத் தொடங்கி வைத்தார், பளபளப்பு போனால் சுழற்பந்துக்கு வசதி என்பதற்காக!

இளம் வயதில் பம்பாயில் ஒரு பயிற்சி முகாமில், "நான் வேகப்பந்து வீசுகிறவன், இந்தச் சாப்பாடு போதாது" என்று கேட்ட கபில்தேவைப் பார்த்து, இந்தியாவில் ஏது வேகப்பந்து வீச்சாளர் என்று அதிகாரி சிரித்தாராம். கபிலே பின்னாளில் சொன்னது இது. அந்தக் கபில் 131 டெஸ்டுகளில் 434 விக்கெட் எடுத்து 1994-ல் உலக சாதனையோடு விடைபெற்றார். அந்தப் பதினாறு ஆண்டுகளில் அவர் ஆடாத டெஸ்ட் ஒன்றே ஒன்றுதான். காயத்தால் அல்ல, 1984 டிசம்பரில் கொல்கத்தா டெஸ்டுக்கு அவரை நீக்கினார்கள். அது யார் எடுத்த முடிவு என்ற சர்ச்சை பல்லாண்டுகள் ஓயவில்லை. அன்றும் யாரும் காரணத்தைத் தெளிவாகச் சொல்லவில்லை!

மாற்றம் எங்கிருந்து வந்தது? நம் சென்னையிலிருந்து வந்தது. 1987-ல் எம்.ஆர்.எஃப். நிறுவனம் வேகப்பந்துப் பயிற்சி மையம் தொடங்கி, ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லியை அழைத்து வந்தது. ஸ்ரீநாத், வெங்கடேஷ் பிரசாத், ஜாகீர் கான் என்று அங்கே பயின்றவர்கள் வரிசையாக வந்தார்கள். விதைத்தது 1987. முழு விளைச்சல் கண்டது 2018. அந்த ஓராண்டில் மட்டும் பும்ரா, ஷமி, இஷாந்த் மூவரும் சேர்ந்து 130-க்கும் மேற்பட்ட டெஸ்ட் விக்கெட்டுகளைச் சாய்த்தார்கள். குந்தரன் பந்து வீசிய அதே எட்ஜ்பாஸ்டனில், 2025-ல், ஆகாஷ் தீப் 10 விக்கெட் எடுக்க, இந்தியா அங்கே முதல் முறையாக வென்றது. நிலம் மலடு அல்ல. பண்படுத்தினால் விளைகிறது.

நிலத்தையும் ஆளையும் கெடுப்பது யார்?

விளைந்த பிறகு என்ன செய்கிறோம்? சொந்த மண்ணில் சுழலுக்கு ஏற்ற ஆடுகளம் கேட்டு வாங்குகிறோம். கொல்கத்தாவில் நான்கு சுழற்பந்து வீச்சாளர்களை இறக்கினோம். நாம் விரித்த வலையில் நாமே விழுந்தோம். குவஹாத்தியில் முதல் இன்னிங்ஸில் 6 விக்கெட் எடுத்து நம்மை முறித்தவர் யான்சன் என்ற வேகப்பந்து வீச்சாளர். பெங்களூரில் 2024-ல் 46 ரன்னுக்கு நாம் சுருண்டபோது பத்து விக்கெட்டுகளையும் எடுத்தது வேகப்பந்துதான். உள்ளூர் ஆட்டங்களில் நல்ல வேகத்தைச் சந்திக்காத மட்டையாளர், வெளியூர்க்காரன் வேகமாக வீசினால் என்ன செய்வார்?

அடுத்தது சுமை. வேகப்பந்து வீசுகிறவர் முன்காலை ஊன்றும் ஒவ்வொரு முறையும் உடல் எடையைப் போலப் பல மடங்கு பாரம் அந்தக் காலிலும் முதுகிலும் இறங்குகிறது. 2024-25 ஆஸ்திரேலியத் தொடரில் பும்ரா 150 ஓவர்களுக்கு மேல் வீசி 32 விக்கெட் எடுத்தார். கடைசி டெஸ்டில் முதுகு பிடித்துக்கொண்டது. சாம்பியன்ஸ் கோப்பை அவர் இல்லாமலே நடந்தது. 2023-ல் ஐ.பி.எல். இறுதி ஆட்டம் மே 30 அதிகாலையில் முடிந்தது. ஜூன் 7-ல் லண்டனில் உலக டெஸ்ட் இறுதி. இரண்டு மாதம் நாளுக்கு நான்கு ஓவர் வீசிப் பழகிய உடம்பு, ஒரு வாரத்தில் நாளுக்கு இருபது ஓவருக்குத் தயாராக வேண்டும் என்றால் எப்படி? இரண்டு இறுதியிலும் ஷமி வீசினார். பணம் கொட்டும் பந்தயத்துக்காக ஆளைக் கசக்கிவிட்டு, பிறகு உடல் தகுதி இல்லை என்று அவரிடமே சொல்வது என்ன நியாயம்?

கைவிடப்பட்டவர்களின் பட்டியலும் நீளம். கராச்சியில் முதல் ஓவரிலேயே தொடர்ந்து மூன்று விக்கெட் எடுத்த இர்ஃபான் பதான் தன் கடைசி டெஸ்டை ஆடியபோது வயது 23. ஜம்முவின் பழ வியாபாரி மகன் உம்ரான் மாலிக் 2022-ல் 157 கிலோமீட்டர் வேகத்தில் வீசினார். 2023-க்குப் பின் இந்திய அணியில் அவர் பெயர் இல்லாமல் போனது. சேலம் சின்னப்பம்பட்டி நெசவாளர் மகன் நடராஜன் வலைப்பயிற்சிக்குப் பந்து வீச ஆஸ்திரேலியா போய், மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமானார். 2021 பிரிஸ்பேன் வெற்றியில் அவருக்கும் பங்குண்டு. அதுவே அவர் ஆடிய ஒரே டெஸ்டாக நின்றுவிட்டது. இவர்களில் சிலருக்குக் காயம், சிலருக்கு வேகக் குறைவு. காரணங்கள் இருக்கலாம். ஆனால் விழுந்தவரைத் தூக்கி நிறுத்தும் ஏற்பாடு எங்கே?

நாம் கேட்பது

ஒவ்வோர் அணி அறிவிப்போடும், முக்கிய ஆட்டக்காரரை விட்டால், ஏன் விட்டோம் என்று தேர்வுக் குழு எழுத்தில் சொல்லட்டும். பதவி என்பது அமானிதம். அமானிதம் பெற்றவர் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர். ரஞ்சிக் கோப்பைக்கு வேகமும் எடுபடும் ஆடுகளங்கள் அமைக்கட்டும். பெரிய டெஸ்டுக்கு முன் பந்துவீச்சாளருக்குப் போதிய நாட்கள் கொடுக்கட்டும். 2024-ல் ஐந்து இளம் வேகப்பந்து வீச்சாளர்களுக்குத் தனி ஒப்பந்தம் கொடுத்தது நல்ல தொடக்கம். அது ஓராண்டுச் சடங்காக முடிந்துவிடக் கூடாது.

நமக்கும் வேலை இருக்கிறது. வணிகப் பெருமக்களே! ஊருக்கு ஊர் டென்னிஸ் பந்துப் போட்டிக்கு ஆளுயரக் கோப்பை வழங்குகிறீர்கள். அடுத்த முறை கோப்பையின் உயரத்தைக் குறையுங்கள். மிச்சமாகும் பணத்தில் நான்கு தோல் பந்தும், ஒரு நல்ல மேட்டிங் விரிப்பும், ஓடி வருகிற ஏழைப் பையனுக்கு ஒரு ஜோடி ஆணிக் காலணியும் வாங்கிக் கொடுங்கள். அவன் எந்தத் தெருப் பையன் என்று கேட்காதீர்கள். எவ்வளவு வேகமாக வீசுகிறான் என்று மட்டும் பாருங்கள்.

தேர்வுக் குழுவிடம் நாம் கேட்பதும் அதைத்தானே!