பணம் மட்டும் போதுமா?

போன் பேசிக்கொண்டே இன்டர்நெட் பார்ப்பது இன்று சாதாரணம். 1990-களில் வீட்டு மோடத்தில் நெட் பார்த்தால் போன் பேச முடியாது. அப்போதே இரண்டையும் ஒயர் இல்லாமல் ஒரே நேரத்தில் தரும் ‘கார்டெக்ட்’டை உருவாக்கியது, சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் டெனெட் குழு. முன்னாள் மாணவர்கள் தொடங்கிய மிடாஸ் நிறுவனமும் கைகோத்ததால்தான் அது ஆய்வுக்கூடத்தைத் தாண்டி வெளியே வந்தது.

2010-ல் திறக்கப்பட்ட ஐ.ஐ.டி. ரிசர்ச் பார்க்கிலும் இதே பாடம்தான். அங்கே கம்பெனிகள் வாடகை கட்டினால் மட்டும் போதாது. பேராசிரியர்கள், மாணவர்களோடு சேர்ந்து வேலை செய்து புள்ளிகளும் எடுக்க வேண்டும்.

எங்கள் செங்கல்பட்டு மாவட்டத்தில் என்ன குறை? காட்டாங்கொளத்தூரில் பல்கலைக்கழகம், தையூரில் ஐ.ஐ.டி.யின் இன்னொரு வளாகம், கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி மையம், சிறுசேரியில் சாஃப்ட்வேர் கம்பெனிகள். மாதிரிப் பொருள் செய்ய 10 லட்சம் ரூபாய் வரை வழங்கும் மத்திய அரசின் ‘நிதி பிரயாஸ்’ திட்டமும் 2016-ல் வந்துவிட்டது.

ஆனால், பணம் மாதிரிப் பொருள் வரைதான் கொண்டுபோகும். அதில் குறை சொல்பவர், தயாரிப்பவர், வாங்குபவர் வேண்டாமா? நான் கல்லூரியில் செய்த புராஜெக்ட் சி.டி.யாகி அலமாரியில் தூங்குகிறது. கேட்க ஆளில்லை.

என் யோசனை எளிது. மாதம் ஒரு ஞாயிறு மாமல்லபுரத்திலோ செங்கல்பட்டிலோ ஆய்வாளர்களும் எங்களைப் போன்ற இன்ஜினியர்களும் சிறுதொழில் செய்பவர்களும் சந்திக்க வேண்டும். கடலில் பயன்படும் கருவி என்றால் மீனவர்களையும் அழைக்க வேண்டும்.

நீங்களும் வரலாம். நேற்றுதான் கம்ப்யூட்டர் வாங்கினீர்களா? இன்னும் நல்லது. “இது எனக்குப் புரியவில்லை” என்று நீங்கள் சொன்னால்தான், செய்தவருக்குத் தன் தவறு தெரியும்.