பொலிஸாருக்கு நவீன கருவிகள்: எதற்காக என்பதே முதற் கேள்வி

பொலிஸ் திணைக்களத்தை நவீனமயப்படுத்த வேண்டும் என்ற குரல், ஆட்சிகள் மாறினாலும் மாறாது ஒலித்துவருகின்றது. 1866இல் ஆரம்பிக்கப்பட்ட இத்திணைக்களம் இன்னமும் தடித்த பதிவேடுகளிலும் கையெழுத்துப் பிரதிகளிலும் தங்கியிருப்பது ஏற்புடையதன்று என்பதில் இருவேறு கருத்துகளுக்கு இடமில்லை. ஆயினும் எத்தகைய தொழில்நுட்பத்தை, எத்தேவைக்காக, யாருடைய மேற்பார்வையின் கீழ் கொள்வனவு செய்வது என்ற வினாவுக்கு விடை காணாமல் கருவிகளை வாங்கிக் குவிப்பதனால் மக்களுக்கு விமோசனம் கிட்டிவிடாது.

பொலிஸாரின் தோல்விகள் யாவும் கருவிப் பற்றாக்குறையினால் விளைந்தவை அல்ல. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறு தினத்தில் 260க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அத்தாக்குதல் குறித்த முன்னெச்சரிக்கை ஏப்ரல் 4ஆம் திகதியே இந்தியாவிலிருந்து புலனாய்வுத்துறைக்குக் கிடைத்திருந்தது. தகவல் கையிலிருந்தும் நடவடிக்கை எடுக்கப்படவில்லை. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 100 மில்லியன் ரூபாவும், அன்றைய பொலிஸ்மா அதிபர் 75 மில்லியன் ரூபாவும் நட்டஈடாக வழங்க வேண்டுமெனத் தீர்ப்பளித்தமைக்குக் காரணம், கடமை தவறியமையேயன்றிக் கருவி இல்லாமையன்று. அதனையடுத்து வந்த வாரங்களில் நிகழ்ந்தவையும் நினைவிற்கொள்ளத்தக்கவை. கப்பற் சுக்கான் சின்னம் பொறித்த ஆடையை அணிந்திருந்த முஸ்லிம் பெண்ணொருவர், அது தர்மச்சக்கரம் எனக் கருதப்பட்டு ஹசலக்கவில் கைதுசெய்யப்பட்டு விளக்கமறியலில் வைக்கப்பட்டார். முற்சாய்வுள்ள கண்ணுக்கு எவ்வளவு துல்லியமான கமராவைக் கொடுத்தாலும் அது தான் காண விரும்புவதையே காணும்.

இதனால் தொழில்நுட்பமே வேண்டாமென நாம் கூறுவதாக எவரும் கருதலாகாது. 2015 செப்டெம்பரில் கொட்டதெனியாவையில் ஐந்து வயதுச் சிறுமி படுகொலை செய்யப்பட்டபோது, பாடசாலை மாணவர் ஒருவர் உள்ளிட்டோர் சந்தேகத்தின்பேரில் தடுத்துவைக்கப்பட்டனர். பின்னர் கைதான மற்றொருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டதாகவும் அறிவிக்கப்பட்டது. இவர்கள் எவரும் குற்றவாளி அல்லர் என்பதை வெளிப்படுத்தியது மரபணுப் பரிசோதனையே. அதே பரிசோதனைதான் உண்மைக் குற்றவாளியையும் அடையாளம் காட்டியது. ஒப்புதல் வாக்குமூலம் பொய்த்துப்போன இடத்தில் ஆய்வுகூடம் நிரபராதிகளைக் காத்தது. வாங்கப்படும் கருவி, அதிகாரத்திற்கு மேலும் அதிகாரத்தைச் சேர்க்கின்றதா அல்லது உண்மைக்குச் சான்று சேர்க்கின்றதா என்பதே தெரிவுக்குரிய முதலாவது அளவுகோலாக இருத்தல் வேண்டும்.

இவ்வளவுகோலின்படி நோக்கின், ஆரவாரமின்றிச் செய்யக்கூடிய சில கொள்வனவுகளே முன்னுரிமை பெறத்தக்கவை. விசாரணைகளையும் வாக்குமூலங்களையும் ஒலி, ஒளிப்பதிவு செய்யும் வசதி அவற்றுள் முதன்மையானது. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச்சட்டம், உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்திற்குக் குறையாத அதிகாரியிடம் அளிக்கப்படும் ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றத்தில் சான்றாக ஏற்க வழிசெய்தது. சிங்களத்தில் தட்டச்சு செய்யப்பட்ட வாக்குமூலமொன்றைப் பிரதான ஆதாரமாகக் கொண்டு தண்டிக்கப்பட்ட, சிங்களம் அறியாத தமிழர் ஒருவரின் வழக்கில், நியாயமான விசாரணைக்கான உரிமை மீறப்பட்டதாக ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் குழு 2004இல் முடிவு தெரிவித்தது. விசாரணை அறையில் ஒரு கமரா இருந்திருப்பின் எத்தனை குடும்பங்களின் கண்ணீர் தவிர்க்கப்பட்டிருக்கும்!

அடுத்தது முறைப்பாட்டுப் பதிவு. தமிழும் அரசகரும மொழியென்பது 1987இலேயே அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தினால் ஏற்றுக்கொள்ளப்பட்டது. பொலிஸ் நிலையங்களில் தமிழ்மொழி அறிந்த உத்தியோகத்தர்கள் இருத்தல் வேண்டுமென 2011இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவும் வலியுறுத்தியது. எனினும் தமிழில் சொன்னதைச் சிங்களத்தில் எழுதி, வாசிக்கத் தெரியாதவரிடம் ஒப்பம் பெறும் வழக்கம் எம் மக்களுக்குப் புதியதன்று. முறைப்பாடுகளைக் கணினிமயப்படுத்துவதாயின், மூன்று மொழிகளிலும் பதிவுசெய்து முறைப்பாட்டாளரின் கையில் அவரது மொழியிலேயே பிரதியை வழங்கும் ஏற்பாடு ஆரம்பத்திலேயே உள்ளடக்கப்பட வேண்டும். சிங்களத்தில் மட்டும் அமைத்துவிட்டுப் பின்னர் தமிழைச் சேர்ப்போம் என்ற உறுதிமொழிகளின் கதி யாவரும் அறிந்ததே.

மறுபுறம், கண்காணிப்புக் கருவிகள் விடயத்தில் நிதானம் அவசியம். 2024 ஜனவரி 22 முதல் கொழும்பில் சிசிரிவி கமராக்களின் மூலம் வீதி விதிமீறல்களைக் கண்டறியும் நடைமுறை ஆரம்பிக்கப்பட்டது. வீதியோரக் கைமாற்றங்களைக் குறைக்கக்கூடிய இம்முயற்சி வரவேற்கத்தக்கதே. ஆனால், உரிமை மாற்றம் பதியப்படாமலேயே வாகனங்கள் கைமாறும் ஒரு நாட்டில், குற்றப்பத்திரம் பழைய உரிமையாளரின் வாசலைத் தட்டும் அபாயமுண்டு. கமராவை விடவும் அதன் பின்னாலுள்ள பதிவேடு திருத்தமாக இருத்தல் முக்கியம்.

முகங்களை அடையாளங்காணும் தொழில்நுட்பமோ இதனிலும் பாரதூரமானது. பிரித்தானியாவில் தென் வேல்ஸ் பொலிஸார் அதனைப் பயன்படுத்திய முறை சட்டவிரோதமானது என மேன்முறையீட்டு நீதிமன்றம் 2020 ஓகஸ்டில் தீர்ப்பளித்தது. யாரை, எங்கே கண்காணிப்பது என்ற தீர்மானம் வரையறையின்றி உத்தியோகத்தர்களிடம் விடப்பட்டிருந்ததும், இன, பால் ரீதியான பாரபட்சம் அக்கருவியில் உண்டா எனப் போதியளவு ஆராயப்படாததும் அதற்கான காரணங்களுள் அடங்கும். நீண்ட பாரம்பரியமுள்ள நீதித்துறையைக் கொண்ட நாட்டிலேயே நிலைமை இதுவெனில், சோதனைச்சாவடிகளையும் சுற்றிவளைப்புகளையும் பல தசாப்தங்களாக அனுபவித்த சமூகங்கள் அச்சங்கொள்வதில் வியப்பில்லை. 2022இல் நிறைவேற்றப்பட்ட தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பிரதான ஏற்பாடுகள் நடைமுறைக்கு வருவது 2025இல் பிற்போடப்பட்டதையும் இங்கு சுட்டிக்காட்ட விரும்புகின்றோம். காவல் இல்லாத களஞ்சியத்தில் மக்களின் முகங்களைச் சேமிப்பது விவேகமாகாது.

எனவே ஒவ்வொரு கொள்வனவுக்கும் முன்னர் அதன் நோக்கம் பகிரங்கப்படுத்தப்படல் வேண்டும். பாவனை விதிகள் மும்மொழியிலும் வெளியிடப்படல் வேண்டும். பெறப்படும் பதிவுகளைப் பாதிக்கப்பட்டவரும் மனித உரிமைகள் ஆணைக்குழுவும் நீதிமன்றமும் கேட்டுப்பெறும் உரிமை உறுதிசெய்யப்படல் வேண்டும். பொலிஸாரின் உடலில் பொருத்தப்பட்ட கமராக்கள் குறித்து வொஷிங்டன் நகரில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட உத்தியோகத்தர்களை உள்ளடக்கி நடத்தப்பட்டு 2017இல் வெளியான ஆய்வு, அவர்கள் பலப்பிரயோகம் செய்வதில் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏற்படவில்லை எனக் கண்டறிந்தது. கருவி தானாக ஒழுக்கத்தைக் கற்பிக்காது என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டியதில்லை.

பொலிஸ் நிலைய வாசலில் நிற்கும் ஒரு தமிழ்த் தாயோ முஸ்லிம் வர்த்தகரோ, தமது மொழியில் முறையிட்டு, அச்சமின்றி வீடு திரும்ப முடியுமா என்பதே நவீனமயமாக்கலுக்கான உண்மையான பரீட்சை. அப்பரீட்சையில் சித்தியடைய உதவும் கருவிகளுக்கு மக்களின் வரிப்பணம் செலவிடப்படட்டும். ஏனையவை காத்திருக்கலாம்.